செலவுப் பக்கம்

மாதத்தின் முதல் செவ்வாய், மாலைப் பூசை முடிந்ததும்
பெட்டியைத் திறப்பது என் வேலை.
முப்பத்தொரு வருடம் சுங்கத் திணைக்களத்தில்
பிறர் பெட்டிகளைத் திறந்தவன் என்பதால்
பங்குச் சபை சாவியை என்னிடம் தந்தது.

அந்தோணியார் காலடியில் தேக்குப் பெட்டி.
'ஏழைகளுக்கு' என்று மூன்று மொழியில் எழுத்து.
ஆங்கிலத்தில் மட்டும் பொன்பூச்சு உதிரவில்லை.
உள்ளே கசங்கிய இருபதுகள்,
நாலாய் மடித்த ஐம்பதுகள்,
கருவாட்டு வாடையோடு ஒரு நூறு,
எவளோ ரியாத்திலிருந்து கொண்டுவந்த ஒரு ரியால்.
அப்புறம் ஒரு சட்டைப் பொத்தான்.
மாதம் தவறாமல் ஒன்று, நீல நிறம்.

அந்த மாதம் பூட்டு உடைந்திருக்கவில்லை,
நெளிந்திருந்தது, பக்குவமாய்.
பணத்தின் மேல் அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள்.
எழுத்து சிங்களம். வாய்விட்டு வாசித்தால் தமிழ்.
எங்கள் முகத்துவாரத்துத் தோட்டங்களில் அப்படித்தான்,
பேச ஒரு பாஷை, எழுத ஒரு பாஷை.

'அறுநூற்றி எண்பது எடுத்தேன்.
மண்ணெண்ணெய், பாண், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து.
மிச்சம் நாலாயிரத்து இருநூற்றிப் பத்து இருக்கு.
ஒரு பொத்தானும்.'

எண்ணினேன். சரியாக இருந்தது.

ஞாயிறு சபை கூடியது,
புதிதாய் ஏசி போட்ட மண்டபத்தில்.
டைல்ஸ் பாழாகுமென்று சப்பாத்துகள் வாசலில்.
மச்சாது, பொலிஸில் முறைப்பாடு என்றார்.
கொரைரா, கமரா என்றார்:
இரண்டு வேண்டும், ஒன்று அந்தோணியாரைப் பார்த்து;
நாற்பத்தெட்டாயிரம்; மருமகன் கடையில் கழிவு உண்டு.
ஜெசிந்தா டீச்சர் வருத்தத்தோடு சொன்னார்:
'முறை ஒன்று இருக்குதே.
வியாழக்கிழமை, மூன்றிலிருந்து நாலரை வரை,
கிராம சேவகர் கடிதம், கரண்ட் பில் பிரதி,
ஞானஸ்நானப் பத்திரம். வந்து கேட்டால் என்ன?'
ஃபாதர் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
கூரை நிதி, பதினொரு லட்சம்.
திருவிழா விளக்கும் பாண்ட் வாத்தியமும், மூன்று லட்சத்து இருபது.
ஏழைகள்: வரவு ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்,
செலவு பத்தொன்பதாயிரம்,
மீதி வங்கியில், நிலையான வைப்பில்.
என் கையெழுத்து.
சிவப்பு மையில் இரட்டைக் கோடு இழுத்தவன் நான்.
ஆண்டுக் கூட்டத்தில் அதற்குக் கைதட்டினார்கள்,
நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

சொல்லியிருக்க வேண்டும்:
துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு.
பெட்டியின் மேல் யார் பெயரோ பொருள் அவருக்கு.
பெயருக்குரியவர் வந்து எடுத்தால்
அதற்குத் திருட்டு என்று பெயரில்லை.
நம் பிழையால் சரக்கு தேங்கிக் கிடந்தால்
நாள் கணக்கில் நட்டஈடு கட்டவேண்டியவர்கள் நாம்.
இதையெல்லாம் படியிறங்கும்போதுதான் யோசித்தேன்.
கூட்டத்தில் நான் சொன்னது ஒன்றே ஒன்று:
'கமராவுக்கு மூன்று இடத்தில் விலை கேட்போம்.'
நியாயம் என்றார்கள். தேநீர் வந்தது.

இன்னும் விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றிரவு செலவுப் பக்கத்தில் எழுதினேன்:
ஏழைகள், ரூபா அறுநூற்றி எண்பது.
பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் பேனா நின்றது.
உரியவர், என்று போட்டேன்.
பற்றுச்சீட்டுக்குப் பதில் அந்தத் தாளை ஒட்டினேன்.
பூட்டை நெளிந்தபடியே திரும்ப மாட்டினேன்,
தூரத்தில் பார்த்தால் பூட்டியிருப்பதுபோல.
கணக்காய்வாளர் மார்ச்சில் வருவார். வரட்டும்.

இந்தச் செவ்வாய் இன்னொரு தாள். வேறு கை.
இது தமிழ் எழுத்து, றகரம் எல்லாம் ரகரம்.
முன்னூற்றி நாற்பது, 'பஸ் காசு, ஆஸ்பத்திரிக்கு'.
பழைய அறுநூற்றி எண்பது திரும்பவில்லை.
நானும் அதைத் தேடவில்லை.

பொத்தான் இருந்தது.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது,
வரிசையில் எல்லோரும் பார்த்திருக்க
வெறுங்கையை நீட்ட முடியாத ஒருவர்
பெட்டிக்குள் விழ வைத்த சத்தம் அது.

இப்போது பிரசங்கம் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை.
முன்வரிசைகளில் நிற்கும் சட்டைகளைப் பார்க்கிறேன்,
நீலச் சட்டைகளை,
ஊக்கு குத்தியிருக்கிறதா என்று.